பின்பக்கம் ஆறு போர்ட்

…நகத்தை நகத்தால் சுண்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், கவனிக்காவிட்டால் காதிலேயே விழாது, ஆனால் ஒருமுறை விழுந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் விழுகிறது, ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’, டிக், ‘கதவைச் சாத்திவிட்டு வா’, டிக், ‘இன்றைக்கு வலி கொஞ்சம் குறைவு’, டிக் டிக்… இரண்டு நாளாகத் தொண்டையைக் கெஞ்சிக் கெஞ்சிப் படித்த நூற்றிருபது வாக்கியத்தில் எண்பதில் இந்த டிக் இருக்கிறதாம், பேச்சுப் பயிற்சி தருகிற பெண் காலை ஒன்பது மணிக்குப் போனில் சொன்னாள், பாவம், அவளுக்கே சொல்ல வாய் வரவில்லை, “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குரல் நல்லாத்தான் விழுந்திருக்கு, ஆனா இதை இப்படியே குடுத்தா மெஷின் அந்தச் சத்தத்தையும் உங்க குரல்னு நினைச்சுக்கும்” என்றாள். நினைத்துக்கொண்டால் என்ன ஆகும், இவள் இனிமேல் ஆயுசு முழுக்கச் சொடுக்குப் போட்டுக்கொண்டே பேசுவாள், காய்கறிக்காரரிடம் பேரம் பேசும்போது ஒரு சொடுக்கு, மகளைத் திட்டும்போது நாலு சொடுக்கு, நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள், சிரிப்பும் கணக்கில் சேரும், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்தான் தொண்டையைப் புழங்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், அதற்கு மேல் போனால் கரகரப்பு ஏறிவிடும், ஏறினால் பதிவும் போச்சு. நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நாளை மறுநாள் குரல்வளையை எடுத்துவிடுவார்கள், கட்டியோடு சேர்த்து. “எடுத்தா நீங்க இருப்பீங்க, விட்டா குரல் மட்டும் கொஞ்ச நாள் இருக்கும்” என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார், அன்றைக்கு அந்த மனுஷர் மேல் அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தது, இப்போது நினைத்தால் நன்றியாக இருக்கிறது, அவர் மழுப்பியிருந்தால் இவளும் இன்னும் மழுப்பிக்கொண்டே இருந்திருப்பாள். முந்நூறு வாக்கியம் படித்துக் கொடுத்தால் கணினி அதிலிருந்து அவள் குரலையே செய்து தருமாம், இவள் எழுத்தைத் தட்டினால் அது பேசும், இவளாகவே பேசும். ஆனால் இன்று மாலை ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும், நாளைக்கு அப்புறம் படிக்க ஆள் இருப்பாள், குரல் இருக்காது.

மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு உள்ளங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கணவருடையவைதான். இடது குதிகாலில் வெடிப்பு, வலதில் வெடிப்பில்லை, இத்தனை வருடத்தில் இதைக் கவனித்ததே இல்லையே, நின்று பார்க்க நேரம் எங்கே இருந்தது, அவர் கண்ணாடிக் கடைக்குப் போக இவள் ஆபீசுக்குப் போக. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும், எள்ளளவு திருகாணியை இடுக்கியால் பிடித்து இறுக்குகிற கை, அந்தத் தைரியத்தில்தான் உள்ளே புகுந்திருக்கிறார். மகள் படித்த காலத்தில் வாங்கிய பழைய கணினி, அதன் பெட்டி மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி நிற்கிறது, அதற்கு முன்பக்கம் இரண்டு போர்ட், பின்பக்கம் ஆறு போர்ட், போதாததற்கு ஒன்றை நாலாகப் பிரிக்கிற ஒரு பட்டை வேறு. எதில் மாட்டுவது இந்தச் சிவப்புப் பெட்டியை? சிவப்புப் பெட்டி மைக்செட்காரருடையது. மைக்கிலிருந்து வருகிற குரலை வாங்கிக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்குமாம். அவர் தெருக்கோடியில் இருப்பவர், கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுபவர், விஷயம் கேள்விப்பட்ட அன்றைக்கே மைக்கையும் பெட்டியையும் ஹெட்போனையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி, “அண்ணி, எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும், எனக்கு இப்ப இது தேவையே இல்ல” என்றார். பொய். அது இல்லாமல் இரண்டு வேலையை விட்டிருக்கிறார் என்று அவர் மனைவி கடையில் சொன்னாளாம். இந்த மாதிரிப் பொய்க்கு எந்த வாக்கியத்தால் நன்றி சொல்வது, முந்நூறில் ‘மிக்க நன்றி’ என்று ஒன்று இருக்கிறது, நூற்றுப் பதினேழாவது, நேற்று படித்தாள், அதிலும் டிக்.

“அண்ணே, நான் ஏணி மேல நிக்கிறேன், சுருக்கமா சொல்றேன்” என்று மைக்செட்காரர் காலையில் போனில் கத்தினார், இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், “முதல்ல அந்தப் பட்டையில சொருகாதீங்க. நேரா மெஷின்லயே சொருகணும். முன்னாடி இருக்கறது உள்ள நீள வயர்ல வருது, அதுவும் சுமார்தான். பின்னாடி போங்க. அங்கயும் ரெண்டு ரெண்டா ஒரே லைன்ல இருக்கும், ஒண்ணு இழுத்தா இன்னொண்ணு தவிக்கும். ஒவ்வொண்ணுலயும் மாட்டி ரெண்டு நிமிஷம் விடாம பேசிப் பாருங்க, டிக் வருதான்னு ஹெட்போன்ல கேளுங்க. அவ்வளவுதான்.” அவ்வளவுதான் என்று அவர் ஏணியிலிருந்து சொல்லிவிட்டார், இரண்டு நிமிடம் விடாமல் பேச வேண்டும் என்றால் யார் பேசுவது? அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள், இவர் சட்டென்று அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார், “நீ வாயைத் திறக்காத. உன் முக்கால் மணி நேரத்துல ஒரு விநாடி இதுக்குப் போகக் கூடாது. நான் பேசறேன், நீ கேளு” என்றார். அவள் அவரையே பார்த்தாள். இவரா? இரண்டு நிமிடமா? விடாமலா? கல்யாணமான புதிதில் இவள் அம்மாவே கேட்டாள், மாப்பிள்ளைக்குக் காது கேக்கும்ல, என்று.

முதலில் முன்பக்கத்து போர்ட். இவர் மாட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்தார், அறுபது வரை போய்த் திரும்பி வந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டிக்கொண்டு, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு விரல் நீட்ட வேண்டும் என்று பேச்சு, பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒன்று, இருபத்தாறில் ஒன்று, இரண்டு கை விரலும் தீர்ந்துபோயிற்று. பிறகு பின்பக்கம். பின்பக்கம் என்றால் மேஜையை நகர்த்த வேண்டும், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மூன்று வருடத்துத் தூசி, காணாமல்போன ஒரு சீப்பு, மகளுடைய ஒற்றைக் காதணி. “நீலமா ரெண்டு இருக்கு, கறுப்பா நாலு இருக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, “நீலம்தான் வேகமாம், நீலத்துல போடறேன்.” போட்டார். பேச விஷயம் இல்லை, கடையிலிருந்து கொண்டுவந்த துடைக்கிற துணியின் உறையில் அச்சடித்திருந்ததை எடுத்துப் படித்தார், கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கண்ணாடியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், கண்ணாடி அணிந்தபடி உறங்காதீர்கள், அதைச் செய்தியறிக்கை மாதிரி மூன்று தடவை படித்தார், டிக் கொத்துக் கொத்தாக வந்தது, கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, திடீரென்று நாலைந்து, மறுபடி ஒன்றும் இல்லை. மணி பதினொன்றே கால். ஐந்துக்குள் இருநூற்று அறுபது வாக்கியம், நடுநடுவே தொண்டைக்கு ஓய்வு, இது நடக்குமா, நடக்காவிட்டால்? நடக்காவிட்டால் யாரோ ஒரு பெண்ணின் குரலை வாடகைக்கு எடுத்த மாதிரி மகளைக் கூப்பிட வேண்டும், மகள் வெளியூரிலிருந்து கிளம்பிவிட்டாள், நாளைக்கு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள், அவளிடம் அப்புறம் ஒருநாள் அந்த அந்நியக் குரலில், சாப்பிட்டியா என்று…

வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். பத்தொன்பது வருடம் குடிநீர் வாரியத்துப் புகார்ப் பிரிவில் போன் எடுத்தவள் அவள், எடுத்ததும் திட்டத்தான் செய்வார்கள், ‘தண்ணி வரலைன்னு சொல்றேன், வணக்கம் எதுக்கு’ என்று ஆரம்பிப்பார்கள், எத்தனை ஆயிரம் பேர் திட்டிய குரல் இது, அதைப் போய் இன்றைக்கு இத்தனை பேர் சேர்ந்து பத்திரப்படுத்தப் பார்க்கிறார்கள், மைக்செட்காரர் ஏணியில் நின்றுகொண்டு, பயிற்சிப் பெண் தன் விடுமுறை நாளில், இவர் தூசியில் மல்லாந்துகொண்டு, யாருக்கு வாய்க்கும்? மூன்றாவதாகக் கறுப்பு, மௌசுக்குப் பக்கத்தில். “என்னத்தைப் பேசறது, எல்லாம் தீந்துபோச்சு” என்றார் இவர், நெற்றியில் ஒட்டடை. அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள், ‘கடையில் நடந்தது எதையாவது.’ கடையிலா, கடையில் என்ன நடக்கும் என்று முனகினார், மைக்கைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்தே சொன்னார், “ஒருத்தர் வருவார். லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர். மாசாமாசம் முதல் செவ்வாய்க்கிழமை வந்துருவார். கண்ணாடில திருகாணி லூசா இருக்கு, இறுக்கிக் குடுங்கன்னுவார். பாத்தா லூசே இருக்காது. நானும் இறுக்கற மாதிரி இறுக்கிக் குடுப்பேன். பத்து நிமிஷம் உக்காருவார், போயிருவார். ஆறு வருஷமா வர்றார்…”

ஆறு வருஷமா! டிக் வந்தது, விரல் நீட்டினாள், ஆனால் மனசு ஆறு வருஷத்தில் மாட்டிக்கொண்டது. ஆறு வருடமாக ஒருத்தர் இல்லாத தளர்வை இறுக்க வருகிறார், அது இந்த வீட்டுக்குள் வரவே இல்லையே? அவளாக இருந்தால் முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லியிருப்பாள், அந்த டிரைவர் மாதிரி நடந்து காட்டியிருப்பாள், குரல் மாற்றிப் பேசியிருப்பாள். தினமும் அப்படித்தானே, தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்குத் திட்டியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள், இவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார், கை காயக் காயக் கேட்பார், அப்புறம் எழுந்து கை கழுவுவார். நடுவே இவர் எதையாவது சொல்ல வாயெடுத்திருப்பாரோ? நான் இடம் விட்டேனா? டிக், டிக்டிக், மறுபடி கொத்தாக. டிக்கைக் கவனி, டிக்கை. கொத்தாக வருகிறது, பிறகு ஓய்கிறது… அவளுக்கு ஒன்று பளிச்சென்றது. இந்தப் புகாரை அவள் கேட்டிருக்கிறாள், ஆயிரம் முறை, தண்ணீர் வரும், நிற்கும், வரும், நிற்கும், என்று சொல்வார்கள், அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்று, உங்க லைன்ல பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டிருக்காங்களா? நோட்டை இழுத்து வேகமாக எழுதினாள், ‘நீலத்தில் பக்கத்து போர்ட்டில் என்ன இருந்தது?’ இவர் குனிந்து பார்த்தார், “வைஃபை குச்சி.” ‘இப்போது?’ “மௌசு.” ‘தனியாக எது இருக்கிறது?’ “தனியா எதுவும் இல்ல, எல்லாம் ஜோடி ஜோடியாத்தான்… கீழ ஒரு ஜோடி, பிரின்டர் வயர் இருக்கு.” பிரின்டர் செத்து மூன்று வருடம் ஆகிறது. செத்ததற்கு எதற்கு இணைப்பு? குரலுக்கு வேகமும் வேண்டாம் நீலமும் வேண்டாம், யாரும் பங்குக்கு வராத ஒரு லைன் போதும். ‘அதைப் பிடுங்குங்க’ என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். இவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார், “இதை முன்னாடியே உன்கிட்டக் கேட்டிருக்கலாம்” என்றார், மறுபடி உள்ளே போனார், உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன.

கடைசிக் கறுப்பு. “எங்க விட்டேன்? ஆங், டிரைவர்” என்று இவரே தொடங்கினார், யாரும் கேட்காமலே, “ஒரு நாள் கேட்டுட்டேன், ஐயா, உண்மையைச் சொல்லுங்க, இது லூசே இல்லையே, எதுக்கு வர்றீங்கன்னு. அவர் சிரிச்சார். வண்டி ஓட்டுன காலத்துல மாசம் ஒருக்கா எல்லா நட்டையும் இறுக்கிப் பாத்துருவேன் தம்பி, இப்ப என்கிட்ட இறுக்கறதுக்கு இது ஒண்ணுதான இருக்குன்னார். அன்னைக்கு என்ன பண்ணுனேன் தெரியுமா? இறுக்கிட்டு, குடுக்கறதுக்கு முன்னாடி அரைச் சுத்துத் தளர்த்தி வச்சுக் குடுத்தேன். அடுத்த மாசம் வந்தா நிஜமாவே வேலை இருக்கணும்ல. அப்பலேருந்து அப்படித்தான்.” ஹெட்போனுக்குள் இவர் குரல் காதுக்கு உள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது, அடியில் ஒரு சின்னக் கரகரப்பு, ‘தெரியுமா’ என்று கேட்கும்போது மெல்ல மேலே ஏறுகிறது, இப்படி ஒரு குரலா இவருக்கு, அரைச் சுற்று, யாருக்கும் தெரியாமல் அரைச் சுற்று, இந்த மனுஷரோடா இத்தனை வருடம்… அவர் சொல்லிக்கொண்டே போனார், அந்த டிரைவர் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கிய கதை, கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து இது யார் என்று கேட்ட கதை, பிறகு திடீரென்று நின்று, “என்ன, விரலையே காணோம்? டிக் இல்லையா?” என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு நிமிடத்திலேயே கையைத் தூக்கியிருக்க வேண்டும், தூக்காமல் கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ஐந்து நிமிடத்தை வாரி இறைத்திருக்கிறாள், வருத்தப்படலாம் என்று பார்த்தால் வருத்தம் வரவில்லை. இல்லை, ஒரு டிக்கூட இல்லை, என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். இவர் குழந்தை மாதிரிச் சிரித்தார், பல்லிலும் தூசி.

அதற்கப்புறம் ஓட்டம்தான். எனக்குத் தண்ணீர் வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வா. மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள். இருபது வாக்கியம், ஐந்து நிமிட ஓய்வு, வெந்நீர், மறுபடி இருபது. இவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது, வேர்வை வழிந்தது, துடைத்தால் சத்தம் வரும் என்று துடைக்காமல் இருந்தார். நூற்றுப் பதினேழை அவள் மைக்செட்காரர் முகத்தை நினைத்துக்கொண்டு படித்தாள், மிக்க நன்றி, அது மட்டும் கொஞ்சம் நடுங்கியது, மறுபடி எடுக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டாள், நடுங்கட்டுமே, நன்றி என்றால் நடுங்காதா. நாலரைக்கு முந்நூறாவது. நாலே முக்காலுக்கு அனுப்பியாயிற்று. ஐந்து மணிக்குப் போன், “அம்மா, சுத்தமா இருக்கு! எப்படிப் பண்ணுனீங்க?” என்றாள் அந்தப் பெண், இவர்தான் பேசினார், “எல்லாம் உங்கம்மா கண்டுபிடிச்சதுதான், குழாய்க் கணக்குப் போட்டுட்டா” என்றார், உங்கம்மா என்று அந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னார், தன் பெண்ணென்றே நினைத்துவிட்டாரோ, அந்தப் பெண்ணும் திருத்தவில்லை. போனை வைத்துவிட்டு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனார், அங்கே பாத்திரத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது, காலையில் திறந்த வாய்.

அவள் கணினியைத் துடைத்துவைக்கிற மாதிரி, காலையில் இவர் பேசிப் பார்த்தபோது பதிவாகியிருந்த வேண்டாததை அழித்துக்கொண்டிருந்தாள். சோதனை ஒன்று, எண்கள், அழி. சோதனை இரண்டு, துடைக்கிற துணி, அழிக்க மனம் வரவில்லை, அழித்தாள். சோதனை மூன்றில் கதை ஆரம்பிக்கிறது, அது இருக்கட்டும். சோதனை நான்கைத் திறந்தாள், சும்மா ஒரு முறை, டிரைவர் சிரித்தார், நட்டை இறுக்கினார், அப்போது நடுவே ஒரு சத்தம். ஐயோ, இதிலும் ஏதோ இருந்திருக்கிறதே, அப்படியானால் முந்நூறிலுமா? பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். மெல்லியதாக, தூரத்திலிருந்து, ‘ம்’. இன்னொரு முறை. ‘ம்.’ அவளுடையதுதான். இவர் மூச்சு வாங்குகிற இடங்களில் எல்லாம் அவள் ம் கொட்டியிருக்கிறாள், தனக்கே தெரியாமல், வாயைத் திறக்காதே என்று சொன்னபோதும், வாயைத் திறக்காமலே. எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. ஒன்று, மேலே சொல்லுங்க. ஒன்று, அப்படியா. அரைச் சுற்றுத் தளர்த்திய இடத்தில் ஒன்று, அது என்ன ம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இவர் இருபத்துநாலு வருடமாகச் சொன்னதும் இதைத்தானே, ம், ம், அதைக் கேட்டு, வேற ஒண்ணுமே பேச வராதா உங்களுக்கு என்று எத்தனை நாள் சண்டை பிடித்திருக்கிறாள், அவற்றில் எத்தனை விதம் இருந்ததோ, ஒன்றுகூடக் காதில் நிற்கவில்லையே. அவள் முந்நூறு வாக்கியத்தின் தாள்களை எடுத்தாள். ஆமாம் இருக்கிறது, இல்லை இருக்கிறது, சரி, போதும், வேண்டாம், நன்றாக இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ம் இல்லை. உதடு இருக்கும், மூக்கு இருக்கும், ஆனால் ம் தொண்டையில் அல்லவா பிறக்கிறது? நாளை மறுநாளுக்கு அப்புறம் யாராவது ஏதாவது சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது, அதற்குள் தட்டச்சு செய்யவா முடியும்?

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பதிவுப் பொத்தானை அழுத்தி ‘ம்’ என்றாள். வருகைப்பதிவுக்குப் பதில் சொல்வது போல இருந்தது. இன்னொன்று, அது வயிற்றுவலி மாதிரி. தனியாக வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் இன்னும் நாலு நிமிடம் மிச்சம் இருக்கும். இவர் டம்ளரோடு வந்து நின்றார், “என்ன, இன்னும் பாக்கி இருக்கா?” அவள் தலையாட்டினாள், ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டாள், மைக்கை இருவருக்கும் நடுவே தள்ளி வைத்துவிட்டு நோட்டில் எழுதினாள், ‘சொல்லுங்க.’

“எதை?”

அவள் தோளைக் குலுக்கினாள். இவர் டம்ளரைக் கீழே வைத்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், வாயைத் திறந்து, மூடினார். விநாடிகள் ஓடின. அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது, ஆபீஸ் கதை, மைக்செட்காரர் கதை, எதையாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று, உதட்டை மூடிக்கொண்டாள்.

“அப்போ…” என்று தொடங்கினார் இவர், “உனக்குத் தெரியாது, உன்னைப் பொண்ணு பாக்க வந்தேன்ல, அன்னைக்கு…”